மாமாவைக் குடிகாரராக்கிய ஈ

வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொடாத என் மாமாவை ஓர் ஈ குடிகாரராக்கியது. அதற்குச் சாட்சி சொன்னவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. சாராயம் எப்படி நாறும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. குச்சிக்கிழங்கு போட அவருக்கும் காடு இருந்தது, ஆனால் அவருக்குக் காட்டு வேலையில் மனம் ஒட்டவில்லை. மலையிறங்கிப் போய் போர்வெல் லாரியில் சேர்ந்து, அந்த வண்டியோடு பீகாருக்குப் போனார். ஒன்றரை வருடம் கழித்துத் திரும்பி வந்தவரைப் பார்த்து எல்லோரும் திகைத்துப்போனோம். கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. நல்ல சிவப்பாக இருந்த மனிதர், முகமெல்லாம் கருத்துப் போயிருந்தார். சாயங்காலமானால் காய்ச்சல் வந்து போர்வைக்குள் சுருண்டுவிடுவார்.

எங்கள் ஊரில் கால் மெலிந்து வயிறு வீங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படித்தான் ஒருவர் குடித்துக் குடித்துச் செத்திருந்தார். போர்வெல் வண்டி ஆட்கள் குடிப்பார்கள் என்பதும் ஊரறிந்த சங்கதி. பெரியப்பா மாமாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தீர்ப்பே எழுதிவிட்டார்.

"ஈரல் போச்சு. இனியும் குடிச்சான்னா ஆளே போயிருவான்."

மாமா அம்மாவிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அம்மாவுக்குத் தம்பியை நம்ப ஆசைதான். ஆனால் குடிக்கிறவர்களும் அப்படித்தானே சத்தியம் செய்கிறார்கள்? ஆகவே அவள் வேவு பார்க்க என்னை அனுப்பினாள்.

"வெளையாடற மாதிரி மாமன்கிட்டப் போயி மோந்து பாத்துட்டு வா கண்ணு. வாசம் அடிக்குதான்னு சொல்லு."

போனேன். மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ரயில் கதை சொன்னார். காய்ச்சல்காரர்களின் கசப்பு வாடையைத் தவிர அவர் வாயில் ஒன்றுமில்லை. வந்து அப்படியே சொன்னேன். அம்மா முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தால் சந்தேகம்தான் வந்தது. நன்றாக மோந்தாயா என்று மறுநாளும் அனுப்பினாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். அன்று நான் தெருவில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தேன், அடுத்தது என் முறை. மாமா வீட்டு வாசல்வரை ஓடினேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்து "அடிக்குதும்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்கு ஓடிவிட்டேன்.

அவ்வளவுதான். என் முறை போய்விடக் கூடாதே என்று சொன்ன பொய். அதைச் சொன்னதும் துருவிக் கேட்பது நின்றுவிட்டது. அந்தச் சௌகரியத்துக்காகவே பிறகு கேட்டபோதெல்லாம் அதையே சொன்னேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த வாரமே மாமாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார்கள். குடியை விடுகிறேன் என்று சாமி முன்னால் சொல்லிக் கையில் கட்டிக்கொள்ளும் கயிறு. மாமா முதலில் கத்தினார், பிறகு அழுதார், கடைசியில் அதற்கும் தெம்பில்லாமல் கையை நீட்டினார். நாற்பத்தெட்டு நாள் விரதம். மலையிறங்கினால் கடைக்குப் போய்விடுவார் என்று, அதுவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது எனப் பெரியப்பா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். டானிக்கில் ஸ்பிரிட் கலப்பார்கள் என்று யாரோ சொல்ல, மருந்தும் கூடாது என்று முடிவாயிற்று. குடிக்காத மனிதர், குடியை விடுவதற்காக, வைத்தியமில்லாமல் காய்ச்சலில் கிடந்தார். வீட்டில் எல்லோருக்கும் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி.

முப்பதாம் நாள் காலையில் மாமாவின் மூக்கிலிருந்து ரத்தம் வரத் தொடங்கியது. துண்டு நனைந்தது, அம்மாவின் முந்தானை நனைந்தது, அப்போதும் நிற்கவில்லை. அப்பா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் ஜீப் கொண்டுவந்தார்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புக்குள் ஊசி விட்டெல்லாம் சோதித்தார்கள். அம்மா கூடவே இருந்தாள். சனிக்கிழமை அப்பா என்னையும் கூட்டிப்போனார். நாங்கள் போன சற்று நேரத்தில் டாக்டரம்மா கையில் காகிதத்தோடு வந்தார். வேலைக்குப் போன இடத்தில் எங்கே படுப்பீர்கள் என்று மாமாவிடம் கேட்டார்.

"லாரிக்கடியில வெக்கைங்க. பக்கத்து மாட்டுக் கொட்டாயில படுத்துக்குவேனுங்க. மண் செவுரு."

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு அம்மாவிடம் விளக்கினார். மணல் ஈ என்று ஒன்று உண்டு. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், பறந்தால் சத்தம்கூடக் கேட்காது. மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகை ஈரத்திலும் அடைந்துகிடந்து, பொழுது சாய்ந்ததும் கடிக்கும். நோய் உள்ளவரைக் கடித்த ஈ வேறொருவரைக் கடித்தால் கிருமி அவருக்குள் இறங்கும். மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்புக்குள்ளும் மாதக்கணக்காகப் பெருகும். வயிறு வீங்கியது அதனால்தான். பெயர் கருங்காய்ச்சல். குடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மருந்து இருக்கிறது, பிழைத்துக்கொள்வார். இன்னும் பதினைந்து நாள் விட்டிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது.

மாமாவை ஜீப்பில் ஏற்றிய அன்று கயிற்றுக்கு இன்னும் பதினெட்டு நாள் பாக்கி இருந்தது.

"ஈயா?" என்றாள் அம்மா. டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போன பிறகும் அதையே கேட்டாள். "ஈயாங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து ஒரு ஆண்பிள்ளை இப்படி உருக்குலைவானா என்று அவளால் நம்பவே முடியவில்லை. அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீ வாசம் அடிக்குதுன்னியே?"

நான் அப்பாவின் பின்னால் ஒதுங்கினேன். அம்மா கையை ஓங்கினாள். அப்பா தடுக்கவில்லை. அப்போது கட்டிலிலிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"அவள அடிக்காதக்கா. நாந்தான் ரெண்டு மூணு நாளு குடிச்சேன். உங்கிட்டப் பொய் சொன்னேன்."

அம்மா ஓங்கிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு கட்டில் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். கடைசி நம்பிக்கையும் போனவள் மாதிரி அழுதாள். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

மாமா பிழைத்தார். எங்கள் ஊர் அதைக் கயிற்றின் மகிமை என்று எடுத்துக்கொண்டது. குடியை விட முடியாதவர்களுக்கு இன்றும் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள், அவரும் சிரித்துக்கொண்டு தலையாட்டுகிறார். அவரோடு போர்வெல் லாரியில் இருந்த ஒருவர் என் கல்யாணத்துக்கு வந்திருந்தார். "நாங்க மட்டையாயிருவோமுங்க. எங்கள எழுப்பிச் சோறு போட்டது உங்க மாமாதானுங்க. அவரு மோந்துகூடப் பாத்ததில்லீங்க" என்றார். மணவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் அழுததைப் பார்த்து, பெண் பிறந்த வீட்டைப் பிரிகிறாள் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு அழுகையே வரவில்லை. முதலில் ஆச்சரியம், பிறகு மாமா மேல் கோபம். இப்படிக் குடித்துவிட்டு அம்மாவை ஏமாற்றியிருக்கிறாரே என்று, கிளம்பும்போது அவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அப்பாவோடு பஸ் ஏறினேன். நான் சொன்னது பொய்யே இல்லை என்று ஆகிவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் எப்போதும் வாந்தி எடுக்கிறவள், அன்று மலை ஏறி முடிக்கும்வரை நிம்மதியாகத் தூங்கினேன்.