துரையின் மேசையில் என் கணக்கு

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கோலாலம்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் வரிப் பிரிவில் பயிற்சியாளனாகச் சேர்ந்திருந்தேன். பயிற்சி முடிவதற்குள் ஒரு வாடிக்கையாளர் முன் என் கணக்கை நானே விளக்கிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் நிரந்தர வேலை. அந்த வாய்ப்பு நான் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே வந்தது.

தொழிலாளர் வீடுகளுக்குத் தோட்டம் செய்த செலவுதான் என் பகுதி. பழுதுபார்த்த செலவை அந்த வருடமே வரியில் கழிக்கலாம். புதிதாகக் கட்டியதென்றால் பல வருடங்களுக்குப் பிரிக்க வேண்டும். சட்டத்தையும் பழைய தீர்ப்புகளையும் படித்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். மலைப்பாதையில் ரிங்லெட் ஊரைத் தாண்டியும் காரில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

தோட்ட ஆபீசின் முன்வாசல் மேனேஜர் துரைக்கும் விருந்தாளிகளுக்கும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் பக்கத்து ஜன்னலில் நின்றுதான் ஆபீஸ் குமாஸ்தா கிராணியிடம் பேசுவார்கள். அன்று என் மேலதிகாரிக்குப் பின்னால் நான் முன்வாசலில் ஏறினேன்.

"டேய், நீ மேல் லயத்து மருந்தடிக்கிறவன் மவன்தானே?" என்றார் கிராணி. "டையெல்லாம் கட்டிட்டு வந்துட்ட!"

"ஆமாங்கய்யா."

"நல்லதாப் போச்சு. ஆபீஸ் பொண்ணு இன்னிக்கி லீவு. போயி எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொண்டா. தொரைக்கு சீனி கொறவு."

மேலதிகாரியைப் பார்த்தேன். அவரும் தமிழர்தான், நகரத்தில் வளர்ந்தவர். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போயிட்டு வா தம்பி. கிளையண்ட் லா. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

தட்டோடு திரும்பியபோது கூட்டம் தொடங்கியிருந்தது. எனக்குப் போட்டிருந்த நாற்காலியில் கிராணி. திரையில் என் கணக்கு, விளக்கிக்கொண்டிருந்தவர் மேலதிகாரி. கூரை மாற்றியதைப் பழுதில் சேர்க்காமல் ஏன் புதுக் கட்டடத்தில் சேர்த்தீர்கள் என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார். மேலதிகாரி திரையில் பக்கங்களைத் தள்ளித் தேடினார். தட்டைப் பிடித்தபடியே நான் பதில் சொன்னேன்: சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கியபோது போட்ட கூரை அது. பழுது என்று கழித்தால் வரித்துறையிடம் நிற்காது.

துரை சிரித்தார். பையனுக்கு லயமெல்லாம் நன்றாகத் தெரிகிறதே என்றார்.

"இங்க பொறந்தவன்தானே சார்," என்றார் மேலதிகாரி.

லயத்தில் பிறந்தால் வரித் தீர்ப்பு தெரிந்துவிடுமா? அப்படியானால் எங்கள் லயத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும். நான் படித்தது எதுவும் அந்த அறையில் யார் காதிலும் ஏறவில்லை.

மலை இறங்கும்போது கேட்டேன். "சார், நான் விளக்க வேண்டியது..."

"நீ பிரசண்ட் பண்ணலையே தம்பி. எப்படி மார்க் போடுறது? பரவால்ல, எஸ்டேட் வேல வந்தா இனிமே உன்னத்தான் கூட்டிட்டு வருவேன். ஓகே லா?"

என் பயிற்சி அந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த எஸ்டேட் வேலை அடுத்த வருடம்தான்.

மலையடிவாரத்துத் தாப்பா ஊர் வருமுன் அப்பா அழைத்தார். மலையில் தேயிலைச் செடிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்ததால் என்னைப் பார்க்க வர முடியவில்லையாம்.

"தொரைகூடப் பேசினியாய்யா?"

"பேசினேன்பா."

"உக்கார வச்சிப் பேசினாரா?"

மேலதிகாரி பக்கத்தில்தான் இருந்தார்.

"பேசினேன்பா," என்றேன் மறுபடியும்.