தம்பி படகுக்கு நான் வாங்கிய டேப்

என் தம்பி பம்புசெட் மெக்கானிக். சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் கிணற்று மோட்டார் நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் வேலை குறைந்துபோய், திசையன்விளைக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊருக்குப் படகு இன்ஜின் பழுது பார்க்கப் போனான். போன இடத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டான். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்கள். நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

மாமனாருக்கு ஒரு சின்ன ஃபைபர் படகு இருந்தது. தம்பி அவருடன் கடலுக்குப் போகத் தொடங்கினான். இன்ஜினைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை, கடலைப் பற்றித் தெரிந்தது ஒன்றும் இல்லை. வழியெல்லாம் மாமனார் தலைக்குள்தான் இருந்தது. போன வருஷம் அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தும் ஒரு கண் சரியாகவில்லை. அதற்குப் பிறகு அவர் கடலில் இறங்கவில்லை.

அந்த ஊர்க் கரைக்கு எதிரே தண்ணீருக்குள் பாறை வரிசை ஒன்று நீளமாகக் கிடக்கிறது. அதைப் பார் என்பார்கள். அதில் ஒரே ஓர் இடத்தில், மாட்டுவண்டி நுழையும் அகலத்துக்கு இடைவெளி. படகுகள் அது வழியாகத்தான் போகவேண்டும், வரவேண்டும். வெயில் அடிக்கும்போது தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இடைவெளியைக் கண்டுபிடித்துவிடலாமாம். மேகம் மூடினால் பழகியவர்களே தயங்குவார்களாம்.

"யக்கா, எனக்கு ஒரு டேப் பாத்து வாங்கித் தாயேன்" என்று தம்பி கேட்டான். "போன்ல மேப் சின்னதாத் தெரியுது. தண்ணி தெறிச்சா கண்ணாடியும் மங்கிருது. பெரிய ஸ்கிரீனா இருந்தா எந்தப் பக்கம் போறோம்னு ஒரு பார்வைல தெரியும். ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொடுக்கும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் உட்காரும் வேலை எனக்கு. பில் அடிப்பேன், மானிய விண்ணப்பம் ஏற்றுவேன். அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டில் பித்தானை அழுத்தினால் வெளிச்சம் வரும் எல்லாச் சாமானுக்கும் நான்தான் அதிகாரி. அந்தப் பெயரை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

பத்து நாள் அதே வேலையாக இருந்தேன். வெயிலில் தெரிகிற அளவுக்கு ஸ்கிரீனில் வெளிச்சம் வேண்டும். ஈரக்கையால் தொட்டாலும் கேட்கவேண்டும். இன்ஜின் பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏற வழி வேண்டும். தண்ணீர் புகாத உறை வேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ராஜபாளையம் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மேஜையில் மூன்று டேப்புகளை வைத்தார்.

"சிம் போடுத மாடல் வேணுமாம்மா, இல்ல வைஃபை மட்டும் போதுமா?"

"நடுக்கடல்ல ஏது அண்ணாச்சி டவரு? சிம் எதுக்கு?" என்றேன். "மேப்பை வீட்டுலயே டவுன்லோட் பண்ணிக்கிடலாம்."

"அதுவும் சரிதான்" என்றார் அவர்.

அந்தப் பதிலைச் சொன்னதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. சிம் உள்ளதைவிட வைஃபை மாடலில் ஸ்கிரீனும் பெரிது, வெளிச்சமும் கூடுதல். வாங்கிய கையோடு சோதித்தும் பார்த்தேன். என் போனிலிருந்து நெட்டைக் கொடுத்துவிட்டு, டேப்பை ஏந்திக்கொண்டு கடையிலிருந்து ரத வீதி வரைக்கும் நடந்தேன். நீலப் புள்ளி என்னோடு கூடவே வந்தது. சீராக வரவில்லை. நின்று நின்று, தெருவுக்குத் தெரு தாவியது. நெட் மெதுவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து வாங்கிப்போனான். ஊருக்குப் போனதும் வீட்டு வைஃபையில் போட்டுப் பார்த்திருக்கிறான். புள்ளி சரியாக அவன் வீட்டின் மேலேயே நின்றதாம். அந்த வாரம் முழுவதும் காற்று கடுமையாக இருந்ததால் அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், வயல்களுக்குப் போய் அளவெடுக்கும் எங்கள் ஊழியர் ஒருவர் திருவேங்கடத்திலிருந்து திரும்பி வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே, தம்பிக்கு டேப் வாங்கிய கதையை அவரிடம் சொன்னேன். மாடல் பெயரைக் கேட்டதும் அவர் கை சோற்றிலேயே நின்றது.

"அது வைஃபை மட்டும் உள்ளதால்லா மேடம்? அதுல ஜிபிஎஸ் கிடையாதே. மொதல்ல எங்களுக்கும் அதத்தான் குடுத்தாவ. காட்டுக்குள்ள போனா செத்துரும். பக்கத்துல இருக்க வைஃபையப் பாத்துத்தான் அது எடத்தச் சொல்லும். சிம் போடுத மாடல்லதான் நெசமான ஜிபிஎஸ் இருக்கும். சிம் போடாட்டியும் அது வேலை செய்யும்."

வீட்டுக்குப் போய், தம்பி விட்டுப்போயிருந்த டேப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்த பட்டியலில் ஜிபிஎஸ் என்ற சொல்லே இல்லை. ரத வீதியில் புள்ளி ஏன் தாவியது என்று அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு கடையின் வைஃபையாகப் பிடித்துப் பிடித்து வந்திருக்கிறது. கடலில் கடை ஏது?

அன்று சாயங்காலம் தம்பியே போன் செய்தான்.

"யக்கா, மாமா இன்னைக்கு டேப்பக் கைல வாங்கிப் பாத்தாவ. ஸ்கிரீன் பெருசா இருக்கவும் அவுகளுக்கே கொஞ்சம் தெரியுது. ஒங்க அக்கா கெட்டிக்காரிடேன்னு எல்லார்ட்டயும் சொல்லுதாவ."

"காத்து எப்படிலே இருக்கு?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை வரைக்கும் போவ முடியாதுன்னு சொல்லுதாவ."

அதைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்விடலாம், கடையில் பேசி மாற்றித் தருகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், திங்கட்கிழமைக்குள் காரியம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். என்னைக் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டிருக்கிற வீட்டுக்கு அந்த நிமிஷமே போனில் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காரணம் அதுதான். இதை வேறு மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறேன், எதுவும் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி காற்று தணிந்துவிட்டது. சனிக்கிழமை விடியும்போது படகுகள் புறப்பட்டிருக்கின்றன. எனக்குத் தெரியாது.

பதினொரு மணிக்கு, நான் அலுவலகத்தில் இருந்தபோது, தம்பி மனைவி போன் செய்தாள்.

"மயினி, மழை எறங்கிட்டுன்னு எல்லாப் படகும் திரும்பிட்டு. அவுக மட்டும் வரல. போனும் போவல."

"கூட யாரும்மா போயிருக்கா?"

"பக்கத்து வீட்டு அண்ணன்தான் போயிருக்காவ. அவுக பத்து வருசம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவுக, வழியெல்லாம் மறந்துபோச்சுன்னு சொன்னாவ. டேப்புதான் இருக்கேன்னு இவுக கூட்டிட்டுப் போனாவ."

மேலாளரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலோரம் இருந்த அம்மா தன் மகள் கல்யாணத்தைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே வந்தார். தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த போனில் வியாழக்கிழமை சாயங்காலப் பேச்சு ஏழு நிமிஷம் என்று பதிவாகியிருந்தது. ஏழு நிமிஷத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். திருநெல்வேலியில் இறங்கி அடுத்த பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் மறுபடி கூப்பிட்டாள். அழுகையில் முதலில் எதுவும் விளங்கவில்லை. பிறகு "உசுருக்கு ஒண்ணுமில்ல மயினி" என்பது மட்டும் கேட்டது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டு நேரே அங்கே போனேன்.

ஆஸ்பத்திரியில் தம்பி ஒரு பெஞ்சில், யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு உடம்பில் சிராய்ப்பு மட்டும்தான். அவனோடு போனவருக்குக் கால் உடைந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்து, உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது.

"மழையில ஒண்ணுந் தெரியல" என்றான் தம்பி. "டேப்பப் பாத்தேன். புள்ளி வீட்டு மேலயே நிக்கி. ஹேங் ஆயிருச்சுன்னு ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். ரெண்டு தடவை. குனிஞ்சு அதையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்கா. அந்நேரம் படகு பார் மேல போயிட்டு. அவுக காலால பாறைய உந்தித் தள்ளப் பாத்தாவ. அலை தூக்கி அடிச்சிட்டு. தேடி வந்தவுகதான் எங்களக் கரை சேத்தாவ." பிறகு, "நாந்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்றான்.

அவன் மனைவி என் கையைப் பிடித்தபடி நின்றாள். மாமனார் எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்த மூன்று நாளும் சொல்லவில்லை. அவன் போனில் திரும்பத் திரும்ப, அந்தப் பித்தானை முதலில் அமுக்கியிருக்கணுமோ, இதைச் செய்திருக்கணுமோ என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நாலாவது நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனேன்.

கரையில் படகு கவிழ்த்துக் கிடந்தது. அடியில் நீளமாக ஒரு பிளவு. தம்பி அதைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மணலில் உட்கார்ந்து சொன்னேன்.

"நீ எதையும் தப்பா அமுக்கலடே. அதுல ஜிபிஎஸ்ஸே கிடையாது. நான் பாக்காம வாங்கிட்டேன்."

அவன் கை நின்றது. "அப்படியா" என்றான். அவன் முகத்தில் ஒரு கணம் ஆறுதல் போல ஏதோ வந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒனக்கு எப்ப தெரியும்?"

நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான்.

"வியாழக்கிழமை."

"போன வியாழக்கிழமையா?"

அவன் தேய்க்கிற தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். எழுந்து தண்ணீர் ஓரம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"அன்னைக்கு நானே ஒனக்குப் போன் பண்ணினேனேக்கா."

"ஆமா."

"அவர்ட்ட நீயே போய்ச் சொல்லிரு. என் வாயால நான் சொல்ல மாட்டேன்."

பக்கத்து வீட்டில் அவர் கட்டிலில் கிடந்தார். காலில் கம்பிகள் வைத்துக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டார். நடந்ததை, வியாழக்கிழமையையும் சேர்த்து, முழுவதும் சொன்னேன். முடிந்ததும் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படகுக்கும் பாறைக்கும் நடுவுல காலக் குடுத்தது நான்" என்றார். "கம்பு இருந்துச்சு. கம்ப எடுத்திருக்கணும்." அப்புறம், "ஆனா நீங்க சொல்லியிருந்தா நாங்க அன்னைக்குப் போயிருக்கவே மாட்டோம்லா" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு சந்தேகத்தை நிவர்த்தி செய்துகொள்பவர் போலத்தான் கேட்டார்.

"போயிருக்க மாட்டீங்க அண்ணாச்சி."

"அதான்" என்றார். அவர் மனைவி எழுந்து உள்ளே போனவர் நான் புறப்படும்வரை வெளியே வரவில்லை.

இப்போது அவர் கம்பு ஊன்றி நடக்கிறார். கடலுக்குப் போவதில்லை, கரையில் வலை பிரித்துக் கொடுக்கிறார். அவர் வீட்டுச் செலவுக்கு நானும் தம்பியும் முடிந்ததைச் செய்கிறோம். அவர் வாங்கிக்கொள்கிறார், அவர் மனைவி என்னோடு பேசுவதில்லை.

படகைச் சரிசெய்த பிறகு தம்பி புதிதாக ஒரு டேப் வாங்கியிருக்கிறான். இதை அவன் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திருநெல்வேலிக்கு அவனே போய், கடையில் நெட்டை முழுக்க அணைக்கச் சொல்லி, வாசலுக்கு எடுத்துவந்து வானத்துக்குக் கீழே பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினானாம். பிறகு மூன்று நாள் வேறொருவர் படகில் ஏறிப்போய், பாரின் இடைவெளியைத் தாண்டும்போதெல்லாம் புள்ளி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டானாம்.

என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை போன் செய்கிறான். பிள்ளைகள் படிப்பு, அம்மாவின் சர்க்கரை, இங்கே மழை உண்டா என்று பேசுவான். கடலைப் பற்றி நானாகக் கேட்டால், "ம், போயிட்டு வாரேன்" என்பான்.

போன வாரம் அம்மா புது போன் வாங்கவேண்டும் என்றாள். என்ன மாடல் நல்லது என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை, கடையில் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளிடம் இன்னும் யாரும் எதையும் சொல்லவில்லை.