சாய்வுப் பலகையும் நான்கு ஞாயிறுகளும்

பிளைவுட் கடை நடத்துகிறவர்களுக்கு வாரத்தில் ஐந்து நாள் தச்சர்களோடு மாரடிப்பு; மீதி இரண்டு நாள், அன்று காலையில்தான் தச்சராக முடிவெடுத்தவர்களோடு மாரடிப்பு. ஆணிக் கடையோ பெயிண்ட் கடையோ, எதில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாலும் நீங்களும் என் கட்சிதான். எனக்குக் கடை புத்தூரில், திருப்பதி–சென்னை ரோட்டின் மேலேயே. என் வீட்டுக்காரர், கட்டடம் எழும்பும் இடமெல்லாம் அலைந்து ஆர்டர் பிடிப்பார். கல்லாவும் பலகை அறுக்கும் மெஷினும் என் பொறுப்பு. பதினோரு வருஷமாக மரத்தூளைச் சுவாசிக்கிறேன். அதில் பாதி சனி, ஞாயிறுகளில் கிளம்பிய தூள்.

கடையில் யாரும் இல்லையா?

பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் பையன் ஒருவன் லீவுக்கு வந்திருந்தான். புத்தக அலமாரி செய்யப் போகிறானாம். கழுத்தில் அளவு டேப்போடு கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்த்து, "யாரும் இல்லையா?" என்றான். நான் இருக்கிறேனே என்றேன். "இல்ல, பிளைவுட் பத்தித் தெரிஞ்சவங்க..." என்று இழுத்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். எந்தத் தடிமன் வளையும், எது வளையாது, ஸ்க்ரூ எவ்வளவு நீளம், பின்பக்கம் பலகை ஏன் வேண்டும், எல்லாம். ஒன்று விடாமல் போனில் ஏற்றிக்கொண்டான். நன்றாகத்தான் கேட்டுக்கொண்டான் என்று எனக்கே மனசு இளகிவிட்டது. வண்டியைக் கிளப்பும்போது சொன்னான்: "தேங்க்ஸ் ஆன்ட்டி. சார் வந்ததும் இதெல்லாம் கரெக்டான்னு ஒரு தடவை கேட்டு வையுங்க."

ஒரே ஒரு படி

முதல் ஞாயிறு கடைக்கு வந்தவர் முனிரத்தினம் சார், வடமாலபேட்டைக்காரர். ஸ்கூலில் கணக்கு வாத்தியார். அவர் சம்சாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து, முழங்காலில் ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கிறார். வீட்டு வாசலில் ஒரே ஒரு படிதான், ஆனால் எட்டு அங்குலம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு நாலு பேர் அந்த அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிப் படியேற்றியிருக்கிறார்கள். தெருவே நின்று யோசனை சொல்லியிருக்கிறது. மறுநாளே அந்த அம்மா திருப்பதியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். "என் வீட்டுக்குள்ள நானா நடந்து போறதுன்னாதான் வருவேன்" என்று ஒரே பேச்சு.

அதனால் சார் வாசலுக்கு ஒரு சாய்வுப் பலகை செய்யப் போகிறார், தன் கையாலேயே. பொண்டாட்டி இல்லாத வீட்டில் தனியாகத் துன்னுவது தொண்டையில் இறங்கவில்லை என்று அவரே சொன்னார். தச்சரை அனுப்புகிறேன் சார், அரை நாள் வேலை என்றேன். வேண்டாமாம், பத்து வீடியோ பார்த்துவிட்டாராம். வம்பே வேண்டாமென்று நானே அளவு சொன்னேன். எட்டு அங்குல உயரத்துக்கு எட்டடி நீளம், முழு ஷீட்டு அப்படியே சரியாக இருக்கும், குறைத்தால் வாக்கர் நிற்காது. சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "முப்பது வருஷமா முக்கோணம் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கறேன்மா. ஒரு பலகையைச் சாய்க்க எனக்குத் தெரியாதா?"

ஓட்டை

அதே வாரம் ஒருவர் பலகையைத் திருப்பிக் கொண்டுவந்தார். நடுவில் வரிசையாக நாலு ஓட்டை. தப்பான இடத்தில் விழுந்துவிட்டதாம், மாற்றித் தர வேண்டுமாம். ஓட்டை போட்டது நீங்கள்தானே என்று கேட்டேன். துளிகூட அசராமல் சொன்னார்: "ட்ரில் மெஷின் உங்க கடையில வாங்கினதுதானே?"

ஐந்தடி

இரண்டாம் ஞாயிறு சார் வந்து ஷீட்டை ஐந்தடியில் அறுக்கச் சொன்னார். எட்டடி எங்கே போயிற்று? வாஸ்து பார்க்கும் சித்தாந்தி வந்து பார்த்தாராம். பலகை கேட்டுக்கு வெளியே நீண்டால் வீட்டில் இருப்பது வெளியே போய்விடும் என்றாராம். "வீட்டில் இருக்க வேண்டியவரே வெளியேதானே சார் இருக்கிறார்" என்று வாய்விட்டே கேட்டேன். காதில் வாங்கவில்லை. ஷீட்டு அவருடையது. சபித்துக்கொண்டே அறுத்தேன்.

மறுநாள் அவரே போன் செய்தார். பலகையைப் போட்டு, பாரம் தாங்குமா என்று பார்க்க, நிறைந்த கேஸ் சிலிண்டரைச் சக்கரம் வைத்த ஸ்டாண்டில் ஏற்றி மேலே தள்ளியிருக்கிறார். மேலே போகும்போது ஒன்றுமில்லை. கையை விட்டதும் அது கீழே உருண்டு, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு வாசலில் போய்த்தான் நின்றதாம். நல்லவேளை, ஒருவரும் குறுக்கே வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "ஏமண்டி சார், நாங்க கேஸே புக் பண்ணலையே?"

நாலரை மணி

மூன்றாம் ஞாயிறு காலையில் முழு ஷீட்டு வாங்கினார். கேட்டுக்கு வெளியே நீளும் துண்டை மட்டும் கீல் வைத்து மடக்கிக்கொள்ளலாம் என்று சித்தாந்தியும் இறங்கி வந்துவிட்டாராம். மழை படுமா சார் என்று கேட்டேன். தகரக் கூரை இருக்கிறது, ஒரு சொட்டுப் படாது என்றார். அப்படியானால் சாதா ஷீட்டே போதும் என்று கொடுத்தேன். அடியில் தாங்கு கட்டைகளைப் பசை போட்டு ஒட்டி, கிளாம்ப்பில் இறுக்கி, திங்கள் காலை வரை தொடவே கூடாது என்று மூன்று தடவை சொன்னேன்.

திங்கள் காலை, கட்டைகள் எல்லாம் கழன்று கையோடு வந்துவிட்டன என்று போன். எப்போது சார் கிளாம்ப்பை எடுத்தீர்கள்? நேற்றே, நாலு இருபத்தைந்துக்கு. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடுமாம், அதற்குள் வேலையை முடித்தாராம். அது பாட்டுக்குச் சும்மா கிடந்தால் ராகு என்ன செய்யப் போகிறார் சார் என்று கத்தினேன். சார் நிதானமாக விளக்கினார்: "பசை விடிய விடியக் காய்ஞ்சிக்கினு இருந்தா, ராகு காலத்துலயும் வேலை நடந்ததுன்னுதானேம்மா அர்த்தம்?"

ஒரு சொட்டுப் படாது

கட்டைகளை ஸ்க்ரூ போட்டு இறுக்கச் சொன்னேன், செய்துவிட்டார். பலகை வாசலில் உட்கார்ந்தது. ஞாயிறு மதியம் வருவதாக அந்த அம்மாவும் சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் சாரிடமிருந்து போன். பலகை பூரி மாதிரி உப்பி, மேல் தோல் உரிகிறதாம். மழை எப்போது பெய்தது என்று கேட்டேன். மழையே இல்லை. "வாசலை வெறுமனே போடாதீங்க" என்று அந்த அம்மா போனில் சொல்லியிருக்கிறார். சாரும் தினம் காலையில் ஒரு வாளி சாணித் தண்ணீர் தெளித்து, அதன் மேல் கோலமும் போட்டிருக்கிறார். வாசல் இப்போது பலகை மேல்தானே இருக்கிறது!

கோபம் வந்தது. சார் மேல் வந்த கோபம் பாதி வழியில் என் மேலேயே திரும்பியது. நான் வாசல் தெளிக்காத நாளே கிடையாது. மழையைப் பற்றிக் கேட்ட எனக்கு வாசலைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லையே! ஒரு வாரமாக நாள் எண்ணிக்கொண்டிருக்கும் மனுஷர் அவர். வெட்கமாக இருந்தது.

ஞாயிறு காலையில் கடையைச் சாத்திவிட்டு, வாட்டர்புரூஃப் ஷீட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே வடமாலபேட்டைக்குப் போனேன். சார் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்க, நான் முடுக்கினேன். வாக்கர் வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் விரிப்பும் ஒட்டினேன். கார் வந்து நின்றபோது மணி இரண்டு. அந்த அம்மா இறங்கி, வாக்கரைப் பலகை மேல் வைத்து, ஒருமுறை அழுத்திப் பார்த்தார். தெரு மொத்தமும் நின்றது. பாதி தூரத்தில் மூச்சு வாங்க நின்றார். ஒரு ஸ்க்ரூ சரியில்லாவிட்டாலும் இந்த அம்மா மறுபடி நாற்காலியில்தான். சார் பின்னாலேயே ஓடி, இரண்டு கையையும் அவர் இடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார். திரும்பாமலே அந்த அம்மா சொன்னார்: "கையை எடுங்க. புடிச்சிக்கினு போறதுக்கா இதைச் செஞ்சீங்க?"

ஏறி உள்ளே போய்விட்டார். பதினோரு வருஷத்தில் நான் விற்ற ஞாயிற்றுக்கிழமைப் பலகைகளில், திரும்பக் கடைக்கு வராத பலகை இது ஒன்றுதான், அதையும் நானே போய் மாட்ட வேண்டியிருந்தது.