இறுகிப்போன சீட் கம்பி

கல்யாணத்தில் எனக்குக் கொடுத்த சைக்கிள், என் மனைவியின் அண்ணன் ஏழெட்டு வருடம் ஓட்டியது. மச்சான் நெட்டை, நான் குட்டை. சீட்டைத் தாங்கும் கம்பி அவர் உயரத்துக்கு வைத்த இடத்திலேயே துருப்பிடித்து, குழாய்க்குள் இறுகிவிட்டிருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் என் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். கேரியரில் உட்கார்ந்து வரும் மனைவி, "நேரா உக்காருங்க, ரோட்டுல சிரிக்கிறாங்க" என்பாள். சிரிப்பது அவள்தான்.

அது அறுபதுகளில் ஒரு தை மாதம். வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். தாய் வீடு சிங்கவரம். நான் செஞ்சியில் வேர்க்கடலை மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். சைக்கிளில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் போவதற்குக் காரணம் வேண்டுமே. பெண்டாட்டியைப் பார்க்க வந்தேன் என்று மாமியார் வீட்டில் சொல்கிற வாய் எனக்கு இல்லை. இரண்டு ஞாயிறு ஊர் எல்லை வரை போய்த் திரும்பி வந்தேன்.

மூன்றாவது ஞாயிறு துணிந்து போய்விட்டேன். "இன்னா மாப்ள?" என்று மச்சான் கேட்டதும், வாயில் வந்தது சைக்கிள்தான்.

"சீட்டு எறங்க மாட்டேங்குது மச்சான்."

செஞ்சி பஜாரில் சைக்கிள் கடைக்காரர் ஒரு மணி நேரத்தில் இறக்கித் தந்திருப்பார். அங்கே ஏன் போகவில்லை என்று மச்சான் கேட்கவில்லை. கிணற்று எஞ்சினுக்கு வைத்திருந்த ஸ்பேனர்களைக் கொண்டுவந்து சீட்டைக் கழற்றினார். கம்பி குழாய்க்குள் நுழையும் இடத்தில் சீமெண்ணெய் ஊற்றினார். கட்டையால் தட்டினார். அது அசையவில்லை.

"தெனம் ரெண்டு சொட்டு ஊத்துங்க. வர்ற வாரம் பாக்கலாம்."

வர்ற வாரம் என்ற சொல் எனக்கு அவ்வளவு இனித்தது. தண்ணீர்ச் சொம்போடு மனைவி வாசல் வரை வந்தாள். முகம் வெளுத்திருந்தது. கை நிறைய வளையல்.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

"ஊத்துனீங்களா?" அடுத்த ஞாயிறு மச்சான் கேட்டார்.

"ஊத்துனேன்."

"வாசனையே காணமே மாப்ள" என்றபடி அவரே மறுபடி ஊற்றினார். அன்றும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, எங்கிருந்தோ ஒரு பெரிய ரிஞ்சை வாங்கிவந்து கம்பியைப் பிடித்துத் திருப்பினார். கிறீச்சென்று ஒரு சத்தம். கம்பி ஒரு நெல்லளவு திரும்பியது, பிறகு முழுதும் திரும்பியது. துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி, நாலு விரற்கடை இறக்கி முடுக்கினார்.

"அப்பாடா, இனிமே அலைச்சல் இல்ல" என்றார் மாமியார். எல்லாருக்கும் சந்தோஷம். கதவோரம் நின்ற என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

நான் கிளம்பும்போது மச்சான் பெடலை அசைத்துப் பார்த்துவிட்டு, "இடது பெடல் ஆடுது. அத மட்டும் கழட்டிக் குடுத்தனுப்புங்க, மாத்தித் தர்றேன்" என்றார்.

சைக்கிளில் எந்தத் திருகையும் இடப்பக்கம் திருப்பினால் கழலும். இடது பெடல் மட்டும் நேர்மாறு. வலப்பக்கம் திருப்ப வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து, ஸ்பேனரை மாட்டி, இடப்பக்கமாக என் முழு பலத்தையும் போட்டு அழுத்தினேன். ஸ்பேனர் மேலே ஏறியும் மிதித்தேன்.

அடுத்த ஞாயிறு சைக்கிளையே கொண்டுபோய் நிறுத்தினேன். "கழல மாட்டேங்குது மச்சான்."

அவர் ஒரு முறை முக்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் பக்கம் திருப்புனீங்க?"

காட்டினேன்.

"அட மாப்ள! இத்தன வருசம் சைக்கிள் ஓட்டி, இது தெரியாதா? எம்மா, ஒன் மருமவன வந்து பாரு!" தெருவே கேட்கச் சிரித்தார். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். காது சுட, தலைகுனிந்து நின்றேன். அவர் சீமெண்ணெய் எடுக்க உள்ளே போனார்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. "போன வருசம் இதே பெடல நீங்கதான கழட்டி மாட்டுனீங்க? நான் பக்கத்துலயே இருந்தனே."

நான் பெடலைச் சும்மா சுற்றிவிட்டேன்.

"அடுத்த வாரம் இன்னா இறுகிக்கும்?" மெதுவாகத்தான் கேட்டாள்.

"தெரியல. பாக்கணும்."

"நல்லாப் பாருங்க."

சாயங்காலம் புறப்பட்டேன். பெடல் மாற்றியாகிவிட்டது, சீட்டும் என் உயரத்துக்குச் சரியாக இருந்தது. ஆனாலும் ஊர் எல்லை வரை ஏறாமல் உருட்டிக்கொண்டே போனேன்.