அத்தையின் ரினிவல் கடிதம்

மூன்று வருடத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் 'ரினிவல்' என்ற பேச்சு அடிபடும். அப்பாவின் தங்கையான அத்தை ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தாள். பதிவைக் கெடுவுக்குள் புதுப்பிக்காவிட்டால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியதுதான். பன்னிரண்டு வருடம் நின்ற வரிசை அது. கூடப் படித்தவர்களுக்குக் கல்வராயன் மலைப் பள்ளிகளில் வேலை வந்துகொண்டிருந்தது. அடுத்தது தான்தான் என்று நம்பியிருந்தாள்.

நான் சங்கராபுரத்தில் இங்கிலீஷ் மீடியம், ஆறாம் வகுப்பு. அந்த முறை கடிதத்தை இங்கிலீஷில் நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்து எழுதினேன். 'ரினியூ' என்ற வினைச்சொல்லைப் பற்றி அத்தைக்குப் பாடமே நடத்தினேன். 'ரீ' என்றால் மறுபடி, அது லத்தீனிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, 'நியூ' இங்கிலீஷ்காரனின் சொந்தச் சரக்கு, லைசென்ஸை ரினியூ பண்ணலாம், விட்டுப்போன சிநேகிதத்தையும் பண்ணலாம், பழசெல்லாம் புதுசாகிவிடும். அகராதியில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். அத்தை பால் கறந்துகொண்டே கேட்டாள்.

"புதுசுலாம் எனக்கு வேணாம்டி. பழைய தேதி போவாம இருந்தா போதும்."

அத்தைக்கு இங்கிலீஷ் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியவில்லை. அலுவலகம் விழுப்புரத்தில் இருந்தது. பதில் வருவதற்கு ஒரு தபால் அட்டையையும் உள்ளே வைத்து, கள்ளக்குறிச்சியில் போடச் சொல்லி அப்பாவிடம் உறையைக் கொடுத்தாள். போட்டாயிற்று என்றார். பத்து நாள் கழித்து அப்பாவின் மொபெட் பையில் நான் மிட்டாய் தேடியபோது அந்த உறை கையில் அகப்பட்டது.

அப்பா பதறவில்லை. "வேல வந்தா மலையிலதான் போடுவான். அங்கயே தங்கிக்கினா உனுக்கு யாரு தல பின்றது? கம்முனு இரு."

அப்பா நல்ல மனிதர் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அம்மா கரும்புத் தோட்டமே கதி என்று கிடந்தாள். இரண்டு மாடு, ஐந்து பேர் சமையல், அத்தனையும் சம்பளமில்லாமல் பார்க்க வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தால் யாரும் நல்லவராக இருக்கலாம். நான் உறையை இருந்த இடத்திலேயே வைத்தேன். அத்தை எங்கேயும் போகமாட்டாள் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது அதைச் சொல்லக் கூசுகிறது.

பதில் அட்டை வரவில்லை. அத்தை தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்டாள். கெடு முடிந்ததும் மனசு கேட்காமல் பஸ் ஏறி விழுப்புரம் போனாள். பழைய பதிவு ரத்தாகிவிட்டது என்று சொல்லி, அன்றைய தேதி போட்டுப் புது அட்டை கொடுத்திருந்தார்கள். பளபளவென்று இருக்கிறதே என்று நான் அதை ஆசையாகத் தடவிப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் தலை பின்னும்போது கேட்டாள்.

"அண்ணன் அந்த கவர போஸ்டு பண்ணாரா? நீ பாத்தியா?"

"பாத்தேன் அத்த. பொட்டியில போட்டாரு."

அவள் ரிப்பனை வைத்துப் பின்னினாள். அப்புறம் பின்னலை முடித்தாள்.

மொபெட் பையை முந்தின நாள் சாயங்காலமே அவள் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். உறை அப்போதே அவள் கையில் சிக்கியிருந்தது. அந்த வீட்டில் தன் பக்கம் நிற்க ஒருத்தியாவது இருக்கிறாளா என்றுதான் என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். எனக்கு அன்று அது புரியவில்லை. ரிப்பன் ஒரு பக்கம் தொங்குகிறது, அவிழ்த்துச் சரியாகக் கட்டு என்று அவளிடம் சிணுங்கினேன்.