செபஸ்ரியான் அண்ணையின் இடது கை

செபஸ்ரியான் அண்ணை போய்விட்டார். நேற்றுக் காலை, ஹனோவர் ஆஸ்பத்திரியில்... கான்சர்.

எங்கள் சின்ன ஜெர்மன் நகரத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் தமிழ்க்கடை வைத்திருந்த மன்னார் ஆள். இடது கையில் சின்னவிரல் இல்லாதவர் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

இறைச்சி ஃபக்டரியில் மெஷின் வெட்டியது என்றுதான் சொல்லுவார். நாங்களும் நம்பினோம்.

ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்த எங்கள் ஆட்களை வாக்குப் போட வைப்பது அவருக்கு ஒரு விசர். எங்களில் கொஞ்சப்பேர் சிவப்புக் கட்சி, பாஸ்போர்ட் எடுப்பதை லேசாக்கினார்கள் என்று. மாதா கோயில் பூசைக்குப் போகிற வேதக்காரர் கறுப்புக் கட்சி. மிச்ச எல்லோரும் வீட்டில் படுத்துக் கிடக்கிற கட்சி.

"ஆருக்குப் போட்டனீங்கள் எண்டு நான் கேக்கமாட்டன். போனனீங்களோ, அதைச் சொல்லுங்கோ." கவுண்டரில் நின்று இதைத்தான் கேட்பார்.

போகாதவர்களுக்கு முற்றின முருங்கைக்காய்தான் விழும். ஒருமுறை எனக்கும் விழுந்தது. சப்பித் துப்பிக் களைத்துப்போனேன்.

அவர் இங்கே முதல்முறை வாக்குப் போட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஊரிலை மாதிரிச் சின்னவிரலிலை மை பூசுவினம் எண்டு இடக்கையை நீட்டிக்கொண்டு நிண்டன் பிள்ளை. சின்னவிரல்தான் இல்லை, மோதிரவிரலிலையாவது பூசட்டும் எண்டு. அந்த ஜெர்மன்காரி எழும்பிக் கை குலுக்கிப்போட்டா!"

நாங்களும் சேர்ந்து சிரித்தோம். அந்த விரலைப் பற்றி ஒருவரும் மேலே கேட்கவில்லை.

பிறகு அந்த வருடம்... உலகக் கிண்ண ஃபுட்போல் இங்கே நடந்த கோடை முடிந்து, புரட்டாதியில் நகரசபைத் தேர்தல்.

தேர்தலுக்கு முதல்நாள் சனிக்கிழமை, பட்டப்பகலில், மொட்டைத்தலைக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு தெருவில் வந்தது. வெளிநாட்டுக்காரர் வெளியே போ என்று... நான் கடைக்குள் பருப்பு எடுத்துக்கொண்டு நின்றேன். கல் வந்தது. முன்கண்ணாடி முழுக்கக் கொட்டுண்டது. அண்ணையின் நெற்றி பிளந்து கண்ணுக்குள் இரத்தம் வழிந்தது. திறந்திருந்த அரிசி மூட்டைகளுக்குள் எல்லாம் கண்ணாடி.

மறுநாள் எங்கள் ஆட்களின் வீடுகளில் ஒரு திரைச்சீலையும் விலகவில்லை. அங்கே ஊரில் தேர்தல் நாள் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளை உள்ளே வைத்திருந்த சனம்தானே. அந்தப் பழக்கம் விமானம் ஏறியும் வந்திருந்தது.

நெற்றியில் பிளாஸ்டரோடு அண்ணை வாக்குப் போடக் கூப்பிட்டு வீடு வீடாகப் போய் பெல் அடித்தார். எங்கள் வாசலில் என் மனுசன் மறித்துக்கொண்டு நின்றார்.

"உங்கட கடைக் கண்ணாடி உடைஞ்சது காணாதோ அண்ணை? இவளை விட ஏலாது. நாளைக்கு என்ரை பிள்ளையின்ரை மண்டை உடையும்." என் கையை அவர் இறுக்கிப் பிடித்த பிடியில் காப்பு நெளிந்துவிட்டது.

அண்ணை இடது கையை அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது மெஷின் வெட்டின விரல் இல்லைத் தம்பி. போடக்கூடாது எண்டு சொல்லியும் நானும் என்ரை தம்பியும் ஊரிலை வாக்குப் போட்டனாங்கள். விரலிலை மை இருந்தது. எனக்கு விரலை வெட்டினாங்கள். அவனை லைற் போஸ்ற்றிலை கட்டிச் சுட்டாங்கள். நான் பாத்துக்கொண்டு நிண்டன்."

"ஆர் அண்ணை?"

"ஆரெண்டு சொன்னா அவன் எழும்பி வருவானோ?"

மனுசன் என் கையை விட்டார். நான் வீட்டுச் செருப்போடேயே இறங்கிவிட்டேன்.

வாக்குப் போடுகிற பள்ளிக்கூடத்துக்கு எதிரே அதே மொட்டைகள் சிலர் நின்றார்கள். ஒருவன் நேரே வந்தான். ஒரே குத்து. அண்ணையின் மூக்கு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

சாவிக்கொத்து கிடந்த ஹேண்ட்பேக்கால் என் பலம் எல்லாம் சேர்த்து அடித்தேன். அவன் காது கிழிந்தது. இன்றுவரை அதற்கு எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. போலீஸ் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனது.

"முதலிலை ஆஸ்பத்திரிக்கு வாங்கோ" என்று அழுதேன். லேஞ்சியை மூக்கில் பொத்திக்கொண்டு, "முதலிலை வாக்குச்சீட்டிலை புள்ளடி" என்றார்.

மறைப்புக்குள் போனவர் சிறிது நேரத்தில் முகம் செத்து வெளியே வந்தார். கையில் வாக்குச்சீட்டு. அதன்மேல் இரத்தம் சொட்டியிருந்தது.

"பழுதாப்போச்சுப் பிள்ளை. இது செல்லாது... என்ரை வாக்குப் போச்சு." குத்து வாங்கியபோது கலங்காத மனிதர், சட்டைக்கையால் சீட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

மேசையில் இருந்த ஜெர்மன் அம்மா அந்தச் சீட்டை வாங்கிக் கிழித்தார். புதிதாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். இருக்க ஒரு கதிரையும் இழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

அண்ணை அந்தப் புதுத்தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அங்கை மை பட்டதுக்கு விரலை எடுத்தாங்கள். இஞ்சை ரத்தம் பட்டதுக்குப் புதுத்தாள் தாறா இந்த மனுசி" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் குழறி அழுதார்.

நாங்கள் வெளியே வந்தபோது என் மனுசன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பின்னால் இன்னும் சில குடும்பங்கள். ஊரில் பழகின பயத்தில் எல்லோரும் இடது கையைப் பொக்கெற்றுக்குள் ஒளித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

அந்த மொட்டைகளின் ஆள் ஒருவன் நகரசபைக்குள் வந்துவிட்டான்தான். அண்ணை புதுக்கண்ணாடி போட்டுக் கடையைத் திறந்தார். என் மனுசனுக்குப் பிஞ்சு முருங்கைக்காயாகத் தெரிந்தெடுத்துக் கொடுத்தார்.

இன்று பின்னேரம் அண்ணையைப் பெட்டியில் பார்த்தேன். கை இரண்டையும் கோர்த்து, இடது கை தெரியாதபடி செபமாலையைச் சுற்றிச் சுற்றி வைத்திருந்தார்கள். பார்க்கிற சனத்துக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று யாரோ செய்தது.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. செபமாலையை மெதுவாகக் கழற்றி வலது கையில் வைத்தேன். இடது கையை எடுத்து மேலே வைத்தேன். என் மனுசன் பக்கத்தில் வந்து, அந்த விரல் இல்லாத இடத்தைத் தொட்டு முத்தமிட்டார்.

சனிக்கிழமை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை தேர்தல்.

நாங்கள் போவம் அண்ணை. நீங்கள் கேக்கத் தேவையில்லை... தம்பியிட்டைப் போங்கோ.