அண்ணி வரும்வரை தண்ணீர் வரக்கூடாது

இந்த ஜெர்மன் ஊரில் காலை ஆறு மணிக்கு முன் ஷவரைத் திறந்தாலே அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பார்கள். நானோ ஐந்தரைக்கே போர்வெல் போடுகிறேன், அதுவும் மூன்றாவது மாடியில். "இருநூறு அடிங்க ஓனரே, கல்லு கெட்டிங்க!" என்று ஒருநாள் போனில் கத்தியதும், கீழ்வீட்டு எல்கே அம்மா கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்றார். தூக்கக் கலக்கத்தில், "கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்துவிடும்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன். பாவம், வாளியோடு அடித்தளத்துக்கு ஓடினார். அவரைப் பிடித்து உட்காரவைத்து என் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்பா திருச்செங்கோட்டில் முப்பது வருடம், போர்வெல் துளைக்கும் ரிக் வண்டி ஓட்டிய முதலாளி. வண்டி எந்த மாநிலத்தில் நின்றாலும், எத்தனை அடி இறங்கியது என்று மேனேஜர் மணி காலை பத்து மணிக்குப் போனில் சொல்ல வேண்டும். மறதி நோயில் எங்கள் பெயர்கள்கூட அவருக்குப் போய்விட்டன. அந்தப் பத்து மணி மட்டும் போகவில்லை. மேனேஜர் மணி வேலையை விட்டுப் போய்ப் பல வருடமாயிற்று. போன் வராவிட்டால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டியைத் தேடி பைபாஸ் ரோட்டுக்கே போய்விடுவார். அண்ணன் இருப்பது வடக்கே, ரிக்கோடு. ஓடிப்போய் அப்பாவைக் கூட்டிவருவது அண்ணிதான். இரண்டு வருடமாக அவர் தெருமுனை மளிகைக் கடையைத் தாண்டவில்லை. நான் இங்கிருந்து மாத்திரைப் பெயர்களை அனுப்பிக்கொண்டிருந்தேன், ஏதோ பெரிய உதவி செய்கிறவன் மாதிரி!

அண்ணியின் தங்கைக்குத் தம்மம்பட்டியில் வளைகாப்பு வந்தது. "போவோணும்னு ஆசையாத்தான் இருக்குதுங்க தம்பி. மாமாவ ஆரு பாத்துக்குவாங்க?" என்று அவர் அழுததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளே, அங்கே பத்து மணிக்கு, இங்கே ஐந்தரைக்கு, போனில் நான் மேனேஜர் மணி ஆனேன். அப்பா குரலில் பழைய அதட்டல் திரும்பியது. ஆனால் வளைகாப்புக்கு முந்தைய ஒத்திகையில் ஒருநாள், அவர் சந்தோஷப்படட்டுமே என்று பத்தரைக்கே தண்ணீர் வந்துவிட்டதாகச் சொல்லித் தொலைத்தேன். "அப்பறமென்ன, வண்டிய அடுத்த பாயிண்டுக்கு நகத்து. நா வாரேன்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். ரிக்காரர் மகனுக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா? தண்ணீர் கண்டால் வண்டி நகரத்தானே வேண்டும்! ஆகவே அண்ணி வரும்வரை தண்ணீர் வரக்கூடாது என்று முடிவுசெய்தேன்.

வளைகாப்பன்று ஆபீசுக்கு லீவு போட்டேன். அங்கே பக்கத்து வீட்டு அத்தை அப்பாவோடு உட்கார்ந்திருந்தார். மணிக்கொரு போன். டீசல் தீர்ந்தது, ராடு சிக்கியது, கம்ப்ரஸர் மக்கர் செய்தது. "அவசரப்படாத, எஞ்சின ஆற உடு" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு அப்பா நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார், எழுந்து மறுபடி திட்டினார். எல்கே அம்மா கேக்கோடு வந்து, "இப்போது எத்தனை மீட்டர்?" என்றார்.

அங்கே மாலை ஐந்தானபோது, வீடு திரும்பிய அண்ணி என் மடிக்கணினித் திரையில் வந்தார். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்கள். குலுக்கிக் காட்டிச் சிரித்தார். அண்ணி அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! போனை எடுத்து, "தண்ணி வந்துருச்சுங்க ஓனரே! மூணு இன்ச்சுங்க!" என்று கத்தினேன். எல்கே அம்மா கைதட்டினார்.

"எந்த ஊருப்பா அது?" என்றார் அப்பா.

"ஜெர்மனிங்க."

"ரொம்பத் தூரமாட்ட இருக்குது. தண்ணிதான் பாத்தாச்சில்ல? வண்டியக் கட்டிட்டு ஊட்டுக்கு வா சாமி."

மேனேஜர் மணியை அப்பா ஒருநாளும் சாமி என்று கூப்பிட்டதில்லை; பெற்ற பிள்ளைகளைத்தான் அப்படிக் கூப்பிடுவார். "வாரேனுங்கப்பா" என்றேன். திரையில் அண்ணி வளைகாப்புப் புளிசாதத்தை அவருக்கு ஊட்டினார். அந்தப் புளியும் நல்லெண்ணெயும் எனக்கு இங்கே மணத்தது. வாயில் இருந்தது எல்கே அம்மாவின் கேக்.